ஒன்றுக்கு முன்னால்

வெள்ளி விழாவுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. அன்று சாயங்காலம் மாதா கோயில் பங்கு ஹாலில், இருநூறு பேர் பார்க்க, டோரதியும் அவள் கணவன் ஓஸ்வால்டும் வால்ட்ஸ் ஆடியாக வேண்டும். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமான ஜோடி மறுபடியும் மோதிரம் மாற்றி, கேக் வெட்டி, கைகோத்து ஒரு பாட்டுக்கு ஆடிய பிறகுதான் லிங்கராஜபுரத்தில் பிரியாணி அண்டாவின் மூடியையே திறப்பார்கள்.

அந்த வட்டாரத்தில் பாதி ஜோடிகளுக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவளே டோரதிதான். சனி, ஞாயிறுகளில் முன் ஹாலின் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டால் அதுதான் வகுப்பு. கல்யாணப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது டோரதி மாப்பிள்ளையாக நிற்பாள். பெண்ணின் முதுகில் கைவைத்துப் பின்னால் நடத்தி, திருப்பி, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாள். இருபது வருஷமாக மாப்பிள்ளையாக நின்று நின்று அவள் உடம்புக்கு நடத்த மட்டும்தான் தெரியும் என்று ஆகிவிட்டது. பஸ் கூட்டத்தில் யாராவது பின்னாலிருந்து தள்ளினால்கூட ஒரு நொடி அப்படியே நின்று, தானாக எடுத்துவைப்பதுபோல் ஒரு காலை எடுத்துவைத்த பிறகுதான் நகர்வாள்.

ஓஸ்வால்டோடு அவள் கடைசியாக ஆடி ஒன்பது வருஷம் ஆகிறது. அது அவள் அண்ணன் ரெஜினால்டின் மகள் கல்யாணம். மைக் ரெஜினால்டின் கையில் இருந்தது. எந்தக் கல்யாணத்திலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். ஓஸ்வால்டின் கால் வழக்கம்போல் தப்பிக்கொண்டே இருந்தது. டோரதி வழக்கம்போல் அவனை உள்ளங்கையால் இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். “லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், எல்லாரும் ஓரமா வழிவிடுங்கப்பா! நம்ம மாப்பிள்ளைய டோரதி மேடம் ஓட்டிட்டு வர்றாங்க. ரிவர்ஸ் கியர் விழல போலருக்கு!” என்றார் ரெஜினால்ட். ஹாலே சிரித்தது. ஓஸ்வால்டும் சிரித்தான். பாட்டு முடிந்ததும் தண்ணீர் குடிக்கப் போனவன், அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை.

இப்போது வெள்ளி விழாவுக்கு ஆடியே தீருவேன் என்று பிடிவாதமாக நிற்பவனும் அவன்தான்.

“ஒரே ஒரு கண்டிஷன் டாலி,” என்றான், பொம்மசந்திராவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்போடு ஷூவைக் கழற்றியபடி. “அன்னிக்கு நான்தான் நடத்துவேன். நடுவுல நீ என்னை இழுத்தேன்னு வை, கைய உதறிட்டு நேரா வெளிய போயிடுவேன். கேக்கை நீயும் உங்கண்ணனும் கட் பண்ணிக்குங்க.”

“ஐயோ, மிரட்டுறத பாரு.”

“மிரட்டல. சொல்றேன்.”

அவன் குரல் உயரவில்லை. பன்னிரண்டு மணி நேரம் லேத் முன்னால் நின்றுவிட்டு வரும் மனிதன். வீட்டில் எதற்கும் எதிர்த்துப் பேசாதவன். அப்படிப்பட்டவன் சொன்னால் செய்துவிடுவான்.

அன்றிலிருந்து அவள் குதிகால் நிற்கவில்லை. மாவைக் கரைக்கும்போதும், பூசை நடுவில் முழங்காலில் இருக்கும்போதும், உள்ளே யாரோ ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணிக்கொண்டே இருந்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு தடவை ஒத்திகை பார்த்தார்கள். இரண்டு தடவையும் முதல் திருப்பத்திலேயே அவள் உள்ளங்கை அவளைக் கேட்காமல் அவனை இழுத்தது. அவன் கையை விட்டுவிட்டு டிவியைப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை புது ஜோடி வந்தது. சஞ்சய், வைஷ்ணவி. இரண்டு பேருக்கும் வைட்ஃபீல்டில் ஒரே ஆபீஸ். அவனுக்குக் கோயம்புத்தூர், அவளுக்கு வேலூர். முகூர்த்தம் வேலூரில், ரிசப்ஷன் மட்டும் இங்கே, ஆபீஸ்காரர்களுக்காக. இப்போதெல்லாம் இந்து ஜோடிகளும் ரிசப்ஷனில் இந்த ஆட்டத்தைக் கேட்கிறார்கள்.

“யூட்யூப்ல பார்த்தா ரொம்ப ஈஸியாத்தான் இருந்துச்சுங்க ஆன்ட்டி,” என்றான் சஞ்சய், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

“யூட்யூப்ல எல்லாம் ஈஸிதான். பிரசவம்கூட ஈஸி,” என்றாள் டோரதி. “கால பார்க்காத. அவள பாரு.”

சஞ்சய்க்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். வைஷ்ணவிதான் பாடுபடுத்தினாள். பதினாலு வருஷம் பரதம் ஆடியவள். ‘ஒண்ணு’ வந்ததும் அவள் முழங்கால் தானாக மடிந்து அரைமண்டியில் உட்கார்ந்துவிடும். பாதம் தரையில் ‘தட்’ என்று விழும். ரெண்டு, மூணில் உடம்பு மிதந்து எழ வேண்டும். அவள் எழவே மாட்டாள். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் தெருவுக்கு வந்து மேலே பார்த்து, “மேடம், சீலிங் பீளுத்தே!” என்று, கூரை விழுந்துவிடும் என்று கன்னடத்தில் கத்தினார்.

“தரைய மிதிக்காதம்மா, தரை உனக்கு இன்னா பாவம் பண்ணுச்சு?”

“மிதிக்கலைனா தாளம் கேக்கலையே ஆன்ட்டி,” என்றாள் வைஷ்ணவி. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

டோரதி அவளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஆடினாள். மூன்று சுற்று. அந்தப் பெண்ணின் முதுகு பலகைபோல் விறைத்திருந்தது. அந்த விறைப்பு டோரதிக்குப் புதிதல்ல. தன் முதுகையே வெளியிலிருந்து தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது.

இடைவேளையில் டீ போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெருவில் தமட்டை மேளம் கேட்டது. அண்ணம்மா அம்மன் உற்சவம். ஊர்வலம் மெயின் ரோட்டைத் தொட்டுத் திரும்பும். அதுவரை காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். பால்கனியில் ஓஸ்வால்ட் ஷேவ் செய்துகொண்டிருந்தான். முகத்தில் பாதி நுரை. கையில் கண்ணாடி. தமட்டை நெருங்க நெருங்க அவனுடைய இடது குதிகால் எழுந்து எழுந்து விழுந்தது. ஒரு தோள் லேசாக இறங்கியது. பிளேடு பிடித்த கை மட்டும் ஆடாமல் அசையாமல் தாடையில் வழித்துக்கொண்டிருந்தது.

டீக் கோப்பையோடு வைஷ்ணவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் தொடையில் தாளம் போட்டன.

“அங்கிளும் நீங்களும் ஆடுவீங்களாமே ஆன்ட்டி? ஒரு தடவை ஆடிக் காட்டுங்களேன். நாங்களும் பாத்துக்கறோம்.”

டோரதி மறுக்கும் முன் ஓஸ்வால்ட் நுரையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். சின்னப் பிள்ளைகள் முன்னால் ஆடிப் பார்க்க அவனுக்கும் ஆசை போலும். பாட்டைப் போட்டார்கள். ஒண்ணு ரெண்டு மூணு என்று நாலே கட்டம்தான். அவன் கால் முந்திக்கொண்டது, அவள் கை இழுத்தது, அவன் நின்றுவிட்டான். “பேஜார் ஆயிடுச்சுப்பா,” என்று அந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பால் வாங்க வேண்டும் என்று படியிறங்கிப் போனான். ஃபிரிட்ஜில் இரண்டு பாக்கெட் பால் இருந்தது.

“இப்படித்தான்,” என்றாள் டோரதி. “இருபத்தஞ்சு வருஷமா தாளம் தப்பும்.”

வைஷ்ணவி தயங்கினாள். “தப்பலையே ஆன்ட்டி.”

“என்னது?”

“அங்கிள் ஒவ்வொரு தடவையும் ‘மூணு’லதான் கால் வைக்கிறார். உங்களுக்கு ஒண்ணுல ஆரம்பம். அவருக்கு ஒண்ணுக்கு முன்னாடி ஆரம்பம். கடைசி வரைக்கும் அதே இடம்தான், கொஞ்சம்கூட நகரல.” அவள் தொடையில் தட்டிக் காட்டினாள். “தகிட, தகிட. கீழ அந்த டிரம்ல ‘ட’வுலதான் அடி விழுது, கேட்டீங்களா? அவர் உடம்பு அதைத்தான் கேக்குது. எங்க டான்ஸ்லயும் உண்டு. தாளத்துக்கு முன்னாடியே பாட்டு ஆரம்பிச்சிடும். எடுப்பு வேறன்னு சொல்லுவோம். அதை யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க.”

“அதெல்லாம் உங்க கணக்கு. வால்ட்ஸ்ல ஒண்ணுன்னா ஒண்ணுதான்,” என்றாள் டோரதி. கொஞ்சம் பலமாகவே சொல்லிவிட்டாள். சஞ்சய் டீயை அவசரமாகக் குடித்து முடித்தான்.

அவர்கள் போன பிறகு சோபாவை இழுத்துப் போடக்கூடத் தோன்றவில்லை. வெறும் ஹாலில் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டாள். மூணில் காலை வைத்துப் பார்த்தாள். படியில்லாத இடத்தில் காலை வைத்ததுபோல் உடம்பு தூக்கிப்போட்டது. மறுபடி வைத்தாள். தப்பு என்றால் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வரவேண்டும். பதறுகிறவனின் கால் ஒருநாள் முந்தும், ஒருநாள் பிந்தும். இத்தனை வருஷத்தில் அவன் ஒருநாளும் பிந்தியதே இல்லை. அது அவளுக்குத் தெரியும். அவள் உள்ளங்கைக்கு மிக நன்றாகத் தெரியும், எந்தப் பக்கம், எவ்வளவு இழுக்க வேண்டும் என்று. இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த ஒன்றை ஏன் அவள் ஒரு தடவைகூடக் கேள்வியாகக் கேட்கவில்லை?

காரணம் தெரியாமல் இல்லை. அதைத் தொட வேண்டாம் என்றுதான் அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

கல்யாணமான முதல் வருஷம். செப்டம்பரில் மாதா திருவிழா. சப்பரத்துக்கு முன்னால் தமட்டைக்காரர்கள் ஐந்து பேர். ஓஸ்வால்டின் தெருப் பையன்கள் அவனை உள்ளே இழுத்துவிட்டார்கள். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் ஆடினான். கூட்டம் தானாக வட்டமாக விலகியது. தமட்டைக்காரர்களில் மூத்தவர் மற்ற நாலு பேரையும் கைகாட்டி நிறுத்திவிட்டு, அவனுக்காகவே தனியாக அடித்தார். அவன் கால் எங்கே விழப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கோல் எங்கே விழும் என்று அவனுக்கும். ஓரமாக நின்ற டோரதி தலைகுனிந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா கண்டோன்மென்ட் கிளப்பில் டிரம்பெட் வாசித்தவர். கோட்டு, டை, பாலீஷ் போட்ட ஷூ. ‘நாம பேண்டுக்காரங்க. மேளக்காரங்க இல்ல’ என்று அவர் எத்தனை தடவை சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: “இனிமே இந்த ரோட் டான்ஸ் எல்லாம் வேணாங்க. எங்க வீட்டு ஆளுங்க பார்த்தா இன்னா நினைப்பாங்க?”

“சரி டாலி,” என்றான் அவன். இவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்த மேளத்துக்கும் அவன் தெருவில் இறங்கவில்லை. அவள் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தை ஆட வந்தான். அங்கேயும் கால் தப்பு என்றாள். இரண்டு ஆட்டமும் அவள் கையால்தான் போயின. ரெஜினால்டை அல்லவா இத்தனை நாளாகத் திட்டிக்கொண்டிருந்தாள்!

ஹாலில் நின்றபடியே அவளுக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. அந்த வேலூர்ப் பெண்ணைக்கூட. ‘தப்பலையே ஆன்ட்டி.’ எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

புதன்கிழமை ஓஸ்வால்டை அவளே ஒத்திகைக்குக் கூப்பிட்டாள். பாட்டு தொடங்கியது. அவன் மூணில் காலெடுத்தான். அவளும் அதே மூணில் பின்னால் வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கட்டம், அதற்கடுத்தது. இழுக்கவே இல்லை. எட்டாவது கட்டத்தில் அவன் நின்றான்.

“இன்னா பண்ற?”

“உங்ககூட வர்றேன்.”

“வர்ல. எனக்காகத் தப்பா ஆடுற.” அவன் முகம் சிவந்திருந்தது. “உன் கை எப்படி இருக்கு பாரு, ஐஸ் மாதிரி. ஆஸ்பத்திரில பேஷண்ட்ட புடிச்சிட்டு நடக்கிற மாதிரி நடக்கிற.”

“இல்லைங்க, அந்தப் பொண்ணு சொன்னா, உங்க எடுப்பு...”

“எந்தப் பொண்ணு? அந்தக் குழந்தையா? அதுகிட்ட என் காலப் பத்திப் பேசினியா?” அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். “வேணாம் டாலி. நீ இழுத்தாகூட தேவலை. பாவம் பார்க்காத.”

“அப்ப நான் எதைத்தான் பண்ணணும்? சொல்லித் தொலைங்க!”

“எதையும் பண்ணாத. அது ஒண்ணுதான் உனக்கு வராது.”

கதவு சாத்திக்கொண்டது. மெயின் ரோட்டில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அடுத்த இரண்டு நாள் ‘சாம்பார் போதுமா’, ‘கேஸ் புக் பண்ணியாச்சா’ தவிர அவர்களுக்குள் பேச்சு இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று டோரதி பல தடவை வாய் திறந்தாள். எதற்கு என்று கேட்டால் எங்கிருந்து தொடங்குவது? முதல் வருஷத்திலிருந்தா? அதைக்கூடத் தான் ஏற்பாடு செய்கிற இன்னொரு காரியமாகத்தான் செய்வாள், அவனை ஓர் இடத்தில் நிற்கவைத்து, தானே தொடங்கித் தானே முடித்து. அப்படித் தோன்றியதும் வாயை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஆறரை மணிக்கு ஹால் நிறைந்திருந்தது. மோதிரம் மாற்றியாயிற்று. டோரதியின் வெள்ளி நிறப் புடவையை அண்ணி நாலு தடவை நீவிவிட்டாள். முன்வரிசையில் பழைய ஜோடிகள். பாதிப் பேர் அவள் கையில் ஆடப் பழகியவர்கள். பின்னால் ஓஸ்வால்டின் தெருக்காரர்கள், கம்பெனி ஆட்கள். சஞ்சயும் வைஷ்ணவியும்கூட வந்து கடைசியில் நின்றிருந்தார்கள்.

“சகோதர சகோதரிகளே!” ரெஜினால்ட் மைக்கைத் தட்டினார். “இருபத்தஞ்சு வருஷம் ஓடின வண்டி. எஃப்சி முடிஞ்சு புதுசா பெயின்ட் அடிச்சு வந்திருக்கு. கை தட்டுங்கப்பா!”

சிரிப்பு. ஓஸ்வால்ட் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கையை நீட்டினான். அந்தக் கை சூடாக இருந்தது; லேத் எண்ணெயின் கறுப்பு நகக்கண்ணில் இன்னும் போகாமல் இருந்தது. அவள் தன் வலது கையை அதில் வைத்தாள்.

பாட்டு தொடங்கியது. அவன் ஒன்றுக்கு முன்னால் எடுத்தான். அவளும் பின்னால் எடுத்துவைத்தாள். ஒரு கட்டம். இரண்டு. காதில் ஒரு தாளம், காலில் ஒரு தாளம். நடுவில் அவள் முதுகு வில்போல் இழுபட்டது. முன்வரிசையில் யாரோ பக்கத்தில் இருப்பவரிடம் குனிவது தெரிந்தது. ‘டோரதியா தப்புறா?’ என்று கேட்கிறார்களாக இருக்கும். இருக்கட்டும். நாலு. ஐந்து. மேடைப் பக்கத்துத் திருப்பம் வந்தது. அவள் நினைக்கவே இல்லை. சத்தியமாக நினைக்கவில்லை. உள்ளங்கை அவனை இழுத்துவிட்டது.

ஓஸ்வால்ட் நின்றான்.

ஹாலின் நட்டநடுவில். பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவன் விரல்கள் தளர்ந்தன. இன்னும் உதறவில்லை. அவன் கண் வாசல் பக்கம் போனது. டோரதியின் உடம்பில் ஆயிரம் யோசனைகள் ஓடின: இதைத் திருப்பமாக மாற்றிவிடலாம், சிரித்துக்கொண்டே அவனைச் சுற்றி வரலாம், கூட்டத்துக்குப் புரியாமல் மூடி மறைத்துவிடலாம். எத்தனை மாப்பிள்ளைகளை இப்படிக் காப்பாற்றியிருக்கிறாள்! ஒவ்வொன்றும் கால் வரைக்கும் வந்தது. அவள் ஒன்றையும் செய்யவில்லை.

“என்னப்பா, பெட்ரோல் தீர்ந்துபோச்சா?” என்றது மைக்.

யாரோ ஒருவர் சிரித்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ‘சாரி’ என்று சொல்லவில்லை. அவன் கையை இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. தன் கை அவன் கைமேல் வெறுமனே இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒண்ணு ரெண்டு மூணு. ஒண்ணு ரெண்டு மூணு. காலுக்கடியில் தீயை வைத்ததுபோல் இருந்தது. அவன் போய்விடுவான் என்று நினைத்தாள். போகட்டும் என்று நினைக்க முயன்றாள், முடியவில்லை. போகாதே என்று அவனை இழுக்கவும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவன் அடுத்து என்ன செய்வான் என்று தெரியாமல் அவள் நின்றது இதுதான் முதல் தடவை.

எத்தனை கட்டம் போயிற்றோ, பாட்டின் பாதி முடிந்திருக்கும். ஓஸ்வால்ட் வாசலிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். பிறகு அவன் தோள் ஒரு பக்கம் லேசாக இறங்கியது. சப்பரத்துக்கு முன்னால் இறங்கிய தோள் அது.

அவன் அடியெடுத்துப் போனான். அவளும் போனாள்.

அது வால்ட்ஸ் மாதிரி இல்லை. அடி நீளமாக இல்லாமல் துள்ளியது; இடுப்பு எங்கோ உதைத்தது; ஒரு திருப்பத்தில் அவளுடைய செருப்பின் குதி புடவையை மிதித்தது. பின்னாலிருந்து அவன் தெருக்காரர் ஒருவர் “ஹேய்ய்!” என்று விசிலடித்தார். முன்வரிசை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்சம் பொறுத்துத்தான் கைதட்டியது. தலைக்குள் எண்ணுகிறவர்கள் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள், தண்ணீர்க் குழாய் சொட்டுவதுபோல். அவர்களை நிறுத்த அவளால் முடியவில்லை. கால்தான் அவர்கள் பேச்சைக் கேட்காமல் முன்னே முன்னே விழுந்தது. இது சந்தோஷமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூச்சு முட்டியது. பாட்டு சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று இருந்தது. முடிந்துவிடுமோ என்றும் இருந்தது.

“மூஞ்ச இன்னாத்துக்கு இப்படி வெச்சிருக்க? பல்லு புடுங்க வந்த மாதிரி,” என்றான் ஓஸ்வால்ட், அவள் காதருகே.

“பேசாம ஆடுங்க.”

“உத்தரவா?”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் அவளைத் திருப்பிவிட்டான்.